காத்தாடி உச்சியில் ஸ்பேனர் கைமாறும் நேரம்

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். பெரிய வேலைக்கு அப்போது யாரும் ஏறுவதில்லை. காற்று அடங்கிய மாதங்களில்தான் போல்ட் முறுக்கு பார்க்க, கிரீஸ் போட, பிரேக் பேட் மாற்ற என்று முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைக் காத்தாடிகளில் ஆள் ஏறுகிறார்கள். கீழே ஆடு மேய்ந்துகொண்டிருக்கும், மேய்ப்பவரும் நிற்பார்.

அரை கிலோ ஸ்பேனர் 10 மீட்டரிலிருந்து விழுந்தால் மோதும் ஆற்றல் சுமார் 49 ஜூல். ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 397-இல் 5 கிலோ எடையை ஒரு மீட்டரிலிருந்து போட்டுத்தான் அதிர்ச்சி தாங்குமா என்று பார்க்கிறார்கள். அதுவும் 49 ஜூல்தான். அதே ஸ்பேனர் 80 மீட்டர் உயரத்து நேசலிலிருந்து (உச்சியில் இயந்திரம் இருக்கும் கூடு) வந்தால் எட்டு மடங்கு. நாலு நொடியில் தரைக்கு வந்துவிடும், வேகம் மணிக்கு 140 கி.மீ. பக்கம். "கீழே ஹெல்மெட் போட்டிருக்காங்கல்ல" என்ற பேச்சுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

இப்போது பலரும் டூலுக்குக் கயிறு போடுகிறார்கள், நல்லது. ஆனால் கட்டிய டூல் கட்டியபடி இருக்கும்போது விழுவதில்லை. பையிலிருந்து எடுக்கும்போது, சாக்கெட் மாற்றும்போது, பக்கத்தில் இருப்பவர் "அந்த 24-ஐக் குடுங்கண்ணே" என்று கை நீட்டும்போதுதான் விழுகிறது. வாங்குபவர் முதலில் தன் கயிற்றின் காரபினரை (தானாக மூடும் கொக்கி) டூலில் மாட்டி, இழுத்துப் பார்த்து, "மாட்டிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே கொடுப்பவர் தன்னுடையதைக் கழற்ற வேண்டும். இதற்கு டூலில் இரண்டு கொக்கி மாட்ட இடம் வேண்டும். ஒரே சின்ன வளையம் இருந்தால் இந்த முறையே நடக்காது, கடையில் வாங்கும்போதே பாருங்கள்.

ரிங் ஸ்பேனருக்கு வட்ட முனையின் துளையிலேயே கயிறு கோக்கலாம், ஆனால் அந்த முனை வேலைக்கு உதவாது. பிடியில் வளையத்தோடு கூடிய பட்டையை வைத்து, தன்னோடு தானே ஒட்டும் சிலிகான் டேப்பை இழுத்துப் பாதிப் பாதி மேலேறும்படி சுற்றுவது மேல். சுற்றுமுன் கிரீஸைத் துடைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பட்டையோடு சேர்ந்து உருவிக்கொண்டு வரும். வளையம் வைக்கிறேன் என்று பிடியில் துளை போடுவதும் வெல்டு வைப்பதும் வேண்டாம், ஸ்பேனரின் பலம் போய்விடும்.

நட்டைத் திருப்பும் ராட்செட்டைக் கட்டிவிட்டு, அதன் முனையில் மாட்டும் சாக்கெட்டை மறப்பது வழக்கம். பந்துப் பிடிப்பு மட்டும் உள்ள சாக்கெட் ஒரு தட்டில் கழன்றுவிடும். பூட்டும் வகை அடாப்டரோ, பின் ஊசியும் ரப்பர் வளையமுமோ வேண்டும். பேட்டரி டிரில்லில் பேட்டரி தனிப் பொருள், அதையும் சேர்த்துப் பிடிக்கும் உறை போடுங்கள். சுழலும் டூலை மணிக்கட்டில் கட்டவே கூடாது, கயிறு சுற்றினால் கையை இழுத்துவிடும்.

உடம்பில் கட்டும் டூலின் எடைக்குப் பொதுவான கணக்கு 5 பவுண்டு, அதாவது சுமார் 2.27 கிலோ. அதற்கு மேற்பட்ட டார்க் ரெஞ்சு, ஹைட்ராலிக் தலை எல்லாம் உங்கள் உடம்பில் தொங்கக் கூடாது, இயந்திரத்தின் உறுதியான பாகத்தில் கட்டுங்கள். ஹார்னஸின் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) முதுகு வளையம் நீங்கள் விழுந்தால் பிடிப்பதற்கு, டூலுக்கு அல்ல. கயிறு கை எட்டும் அளவுக்கு மட்டும் நீளம் போதும். நீளம் கூடினால் விழும் தூரம் கூடும், உதறலும் கூடும். சாவிக்கொத்துக் கொக்கி எதற்கும் ஆகாது.

நட்டு, வாஷருக்குச் சுருக்குவாய்ப் பை. வாய் திறந்த வாளி சாய்ந்தால் மழைதான். டூல் பையைத் தூக்கும் ஹாயிஸ்டில் ஏற்றுமுன் பை வாயை மூடுங்கள், ஏறியதும் தரைத் திறப்பின் ஹேட்ச் மூடியையும் மூடுங்கள். செல்போன், சாவி, சில்லறை எல்லாம் கீழேயே இருக்கட்டும். ஹெல்மெட் தாடைப்பட்டி போடாவிட்டால் அதுவும் விழும் பொருள்தான்.

பழைய கம்பிக்கூண்டு டவர்களில் விழும் பொருள் ஆங்கிளில் பட்டுத் தெறித்துப் பக்கவாட்டில் போகும். நேர் கீழே மட்டும் கயிறு கட்டி மறித்தால் போதாது. காற்றுப் போகும் திசையில் இன்னும் தள்ளி மறியுங்கள். ஆட்டுக்காரரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். குழாய் டவருக்குள்ளே என்றால் மேலே வேலை நடக்கும்போது ஏணியில் யாரும் இருக்கக் கூடாது.

கையிலிருந்து விழுவது மட்டுமல்ல, அதிர்வில் தானே கழல்வதும் உண்டு: விளக்குக் கூடு, கேபிள் கிளாம்பு, மூடித் தகடு. போல்டை முறுக்கியதும் போடும் பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று ஏறும்போதே பார்த்துக்கொண்டு போகலாம். இறங்குமுன் டூல்களை எண்ணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தால் இயந்திரத்தை ஓட விடாதீர்கள், பிரேக் டிஸ்க் பக்கம் கிடக்கலாம்.

மழைச் சாரலில் காரபினர் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தானாக மூடாமல் நிற்கும். அப்படிப்பட்டதையும், ஒருமுறை விழுந்த டூலைப் பிடித்த கயிற்றையும் ஒதுக்குங்கள். ஒதுக்கும்போது கத்தரித்தே போடுங்கள். முழுசாகக் கிடந்தால் அடுத்த வாரம் யார் பையிலாவது திரும்ப ஏறிவிடும்.