வெறும் வயிறு

நவம்பர் 12

41. தைராய்டு இரத்தப் பரிசோதனையில் நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். எனக்கு 41.

டாக்டர் திட்டவில்லை. "மாத்திரையை எப்படிப் போடறீங்கம்மா, சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். எழுந்ததும் அத்தை காப்பி கொடுப்பார்கள், குடித்துவிட்டு தைராய்டு மாத்திரை, கையோடு கால்சியம் மாத்திரை, மறந்துவிடக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

காப்பியும் கால்சியமும் இந்த மாத்திரையை உடம்பில் சேர விடாதாம். தைராய்டை எடுத்த ஆபரேஷன் ஆகி ஏழு வாரம், ஒரு நாள் விடாமல் போட்டேனே. எவ்வளவு வீணாய்ப் போயிருக்கும்.

டோஸை ஏற்றவில்லை. அதே 100 மைக்ரோகிராம். வெறும் வயிறு, வெறும் தண்ணீர், அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றும் கூடாது. கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி. ஆறு வாரம் இப்படிப் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

ஏற்காடு பஸ்ஸில் இருபது வளைவும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 13

4.50 மாத்திரை. 5.50 காப்பி. இடையில் இருக்கிற ஒரு மணி நேரம் இவ்வளவு நீளமா?

நவம்பர் 17

காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. களம் முழுக்கச் சிவப்பு. பறிக்கிறதும் காய வைக்கிறதும் வறுக்கிறதும் இதே வீட்டில். விடிகாலையில் டிகாக்‌ஷன் இறங்குகிற வாசனை வந்தால் வாசலுக்குப் போய் நின்றுகொள்கிறேன். அத்தைக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ஒரு வாய் குடிச்சா என்ன கண்ணு ஆயிடப் போவுது?" என்கிறார்கள். 41 என்கிற எண்ணை அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது?

சந்தேகம் வராமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். மாத்திரையை விழுங்கின பிறகுதான் தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழிப்பது. தாள் கிழிந்திருந்தால் போட்டாயிற்று.

நவம்பர் 21

உதட்டைச் சுற்றி எறும்பு ஊருகிற மாதிரி. மதியம் கால்சியம் போட்டபின் அடங்கியது.

நவம்பர் 25

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாப்பா போனில் விளக்கினாள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். இரத்தத்தில் ஹார்மோன் குறைந்தால் அதுதான் தைராய்டைப் பார்த்து "சுர, சுர" என்று டி.எஸ்.எச்.-ஐ அனுப்புமாம். எனக்குத்தான் தைராய்டே இல்லையே. அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறது, பதில் வராததால் இன்னும் சத்தமாக.

என் குரல்தான் இன்னும் எழும்பவில்லை. தோட்டத்துக் கோடியில் இருக்கிறவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் சில்வர் ஓக் மரம்வரைகூடப் போய்ச் சேருவதில்லை.

நவம்பர் 30

நேற்று சேலம் அம்மாபேட்டையில் அக்கா வீட்டில் ராத்தங்கல். புயல் வருகிறது என்று டிவியில் சொல்லச் சொல்ல, அவர் அவசரப்படுத்திக் கூட்டி வந்துவிட்டார். வந்ததும் தாளைக் கிழித்தேன்.

டிசம்பர் 1

மாத்திரை பாட்டில் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது.

டிசம்பர் 2

விடாத மழை. கரண்ட் இல்லை. மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம், பஸ் இல்லை. களத்தில் இருந்ததை அள்ளி உள்ளே போட்டோம், செடியில் இருந்த பழமெல்லாம் உதிர்ந்து போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் போய் என் மாத்திரையைப் பற்றி எப்படிச் சொல்ல?

டிசம்பர் 3

மூன்றாவது நாள். காலண்டர் 30-லேயே நிற்கிறது.

ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பசிக்கிறது, தூங்குகிறேன், வேலை செய்கிறேன். பிரஷர் மாத்திரையை விட்டால் அப்பாவுக்கு இரண்டே நாளில் தலை சுற்றும். இது அப்படி இல்லை. போட்ட மருந்தில் பாதி கரையவே ஒரு வாரம் ஆகுமாம். விட்டதன் பலன், விட்டதையே மறந்த பிறகு வரும். முகம் ஊதும், முடி கொட்டும், ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். அன்றைக்கு உட்கார்ந்து டிசம்பர் 1, 2, 3-ஐ யார் நினைத்துப் பார்ப்பார்கள்? உடம்பு ஞாபகப்படுத்தாத ஒன்றை மனசுதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இப்போது மனசும் மந்தமாக இருக்கிறது. அடுப்பில் எதை வைத்தேன் என்பதே மறந்துபோகிறது.

ராத்திரி அவரிடம் சொல்லிவிட்டேன். "முதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்றார், அவ்வளவுதான்.

டிசம்பர் 4

விடிவதற்குள் கிளம்பி, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நாகலூரிலிருந்து ஏற்காடு டவுனுக்கு நடந்தே போயிருக்கிறார். 100 இல்லையாம், 50 வாங்கி வந்தார், இரண்டாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி. பிளாஸ்டிக் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்து. சட்டை தெப்பல், அட்டை நனையவில்லை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மிளகு அளவுகூட இல்லை.

நாலு தாளைச் சேர்த்துக் கிழித்தேன்.

டிசம்பர் 6

டாக்டரிடம் பேசியாயிற்று. விட்டதற்குச் சேர்த்துப் போட வேண்டாம், 4-ஆம் தேதியிலிருந்து ஆறு வாரத்தை மறுபடி எண்ணச் சொன்னார். அது ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். அதனால் பொங்கல் முடிந்து, ஜனவரி 17.

டிசம்பர் 13

தீபம். வாசலில் விளக்கு வரிசை காற்றில் நிற்கவே இல்லை. அத்தை திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். காலை மாத்திரை போட்டேனா என்று நடுவில் ஒரு திடுக். உள்ளே ஓடிப் பார்த்தேன், தாள் 13.

டிசம்பர் 19

பாப்பா இன்று சொன்னதையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன். 1891-இல் இங்கிலாந்தில் மரே என்ற டாக்டர், தைராய்டு வேலை செய்யாமல் போன ஒரு அம்மாவுக்கு செம்மறியாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டாராம். அதற்கு முன் இதற்கு மருந்தே கிடையாது. அந்த அம்மாவுக்கு அப்போது 46 வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அப்புறம் 28 வருஷம் இருந்திருக்கிறார்.

எத்தனை ஆடு ஆகியிருக்கும். எனக்கு ஒரு மிடறு தண்ணீர் போதும்.

டிசம்பர் 28

குளிர். இரண்டு கம்பளி. இது மார்கழிக் குளிரா, என் குளிரா? அவரிடம் "உங்களுக்கும் குளிருதா?" என்று தினமும் கேட்கிறேன். ஆமாம் என்றால் நிம்மதியாக இருக்கிறது.

ஜனவரி 6

4.50-க்கு எழுந்து வந்தால் சமையலறையில் லைட் எரிகிறது. அத்தை அடுப்புப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபில்டர் காலி, பொடி டப்பா மூடினபடி. "போட்டுட்டியா?" என்றார்கள். போட்டுக்கொண்டேன். "சரி, ஆறு மணிக்குச் சேர்ந்தே குடிக்கலாம்" என்று முழங்காலைக் கட்டிக்கொண்டார்கள். எழுபத்திரண்டு வயசு. எழுந்ததும் காப்பி இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை.

ஒன்றும் பேசாமல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஜனவரி 14

பொங்கல். போட்டேன். கிழித்தேன்.

ஜனவரி 16

சோப்பு போடும்போது தலைமுடி கையோடு வருவது குறைந்த மாதிரி இருக்கிறது. எண்ணவில்லை. எண்ணினால் பயம் வரும்.

ஜனவரி 17

இரத்தம் கொடுத்த பிறகுதான் இன்றைய மாத்திரை என்று சொல்லியிருந்தார்கள். முதல் பஸ். மாத்திரையைத் தாளில் மடித்து பர்ஸில் வைத்து, வளைவுக்கு வளைவு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். நாலு ரோடு லேபில் ஊசியை எடுத்து முடிக்கும் முன்பே தண்ணீர் கேட்டேன்.

சாயங்காலம் போன் செய்வார்களாம்.

ஜனவரி 17, இரவு

மணி எட்டு. அத்தை இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். இன்னும் வரவில்லை.