நாற்பத்து நான்கு விநாடிகள்

2024 டிசம்பர் 30 அன்று மாலை, சென்னையில் மைத்துனர் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மறுநாள் நாங்கள் சிங்கப்பூர் திரும்ப வேண்டும். ஜனவரி 2 அன்று மகளுக்குப் பள்ளி திறக்கிறது. அன்றிரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி60 ராக்கெட் புறப்படும் என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. “போகலாமா, மாமா?” என்றாள் மகள். மைத்துனர் பதில் சொல்லாமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

இந்த ஆசை எனக்கு 2011 முதலே உண்டு. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பங்கெடுத்து உருவாக்கிய எக்ஸ்-சாட் செயற்கைக்கோள், அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று அங்கிருந்துதான் பிஎஸ்எல்வியில் ஏறிச் சென்றது. 2015 டிசம்பர் 16 அன்று நம் சிங்கப்பூரின் செயற்கைக்கோள்கள் ஆறு ஒரே ராக்கெட்டில் சென்றன. 2023 ஏப்ரலில் டெலியோஸ்-2 சென்றது. சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் அமர்ந்து இவற்றைத் திரையில் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன் என்றாலும், நம்மவர் கைவேலையைச் சுமந்து செல்லும் அந்த நெருப்பை ஒருமுறையேனும் நேரில் பார்க்கவில்லையே என்ற குறை மனத்தில் இருந்துகொண்டே இருந்தது.

பார்வையாளர் மாடத்திற்கு முன்பதிவு வேண்டும் என்பதால் அங்கே எங்களுக்கு இடமில்லை. கும்மிடிப்பூண்டியில் இட்லிப் பொட்டலங்கள் வாங்கிக்கொண்டு, சூலூர்ப்பேட்டையில் கிழக்கே திரும்பி, பழவேற்காடு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். அன்று அமாவாசை. சிங்கப்பூரில் எந்த இரவிலும் காணக் கிடைக்காத அளவுக்கு இருட்டு. பக்கத்தில் நின்றவர்களின் முகம்கூடத் தெரியவில்லை.

பத்து மணிக்கு, அடிவானத்தில் சத்தமே இல்லாமல் ஒரு வெளிச்சம் எழுந்தது. முதலில் மேகங்களின் அடிப்புறம் செம்மஞ்சளாயிற்று, பிறகு ஏரி நீர் முழுவதும் அதே நிறம் கொண்டது, இருளில் மறைந்திருந்த எல்லா முகங்களும் ஒருசேரத் தெரிந்தன. யாரும் பேசவில்லை. மகள் மட்டும் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் நாற்பத்து நான்கு எண்ணியபோது ஓசை வந்து சேர்ந்தது. காதில் விழுவதற்கு முன்பே, வண்டியின் மேல் வைத்திருந்த என் உள்ளங்கையில் தகரம் அதிர்ந்தது. பிறகு இடி உருளுவதைப் போன்ற முழக்கம் நெஞ்சை நிறைத்தது. அதற்குள் ராக்கெட் வெகு உயரத்திற்குச் சென்றுவிட்டிருந்தது. “விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர், அப்படியானால் 15 கிலோமீட்டர், அப்பா” என்றாள். பாடநூலில் அவள் படித்த வாய்பாடு, அந்த இருட்டில் எனக்கு அத்தனை அழகாக இருந்தது.

நெரிசலில் ஊர்ந்த எங்கள் வண்டி நெடுஞ்சாலையை எட்டுவதற்கு முன்பே, தலா 220 கிலோ எடையுள்ள இணைப்புச் சோதனைக்கான ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் ராக்கெட்டிலிருந்து பிரிந்துவிட்டன. ஜனவரி 16 அன்று அவை விண்வெளியில் ஒன்றோடொன்று இணைந்தன. அலுவலகத்தில் இருந்த எனக்கு மகளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “நம்ம ரெண்டும் சேர்ந்துடுச்சு, அப்பா.”