எஸ்.பி. ரோட்டில் ஒரு அலுமினியக் குழாய்

காலால் மிதித்து கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள் நான்கை வரிசையாக மாட்டினால், அணைத்து வைத்த பழைய பெடல்கூடச் சத்தத்தைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. வேண்டாத பெடலைப் பாதையிலிருந்தே கழற்றிவிடும் ஸ்விட்சர் ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். சர்க்யூட் பெரிய விஷயமே இல்லை. ஒன்பது பின் உள்ள, காலால் மிதிக்கிற ஸ்விட்ச் நாலு, ஒயர் செருகுகிற ஜாக் பத்து: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஒவ்வொரு பெடலுக்கும் போக ஒன்று, வர ஒன்று. பேட்டரிகூட எல்இடி எரியத்தான். தலைவலி எல்லாம் இதைப் பூட்டி வைக்கிற பெட்டியில்தான்.

சனிக்கிழமை காலை பெங்களூர் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறி, சிக்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து நடந்தால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு. சதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப்பெயரை ஆட்டோக்காரரிடம் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.

முதல் கடையில் வார்ப்பு அலுமினியப் பெட்டி காட்டினார்கள். பெடல்காரர்கள் எல்லோரும் சொல்கிற ஹேமண்ட் 1590பிபி அளவு, 119க்கு 94 மில்லிமீட்டர். அழகுதான், ஆனால் நாலு ஸ்விட்சும் பத்து ஜாக்கும் அதில் எங்கே அடங்கும்? பெரியதற்குச் சொன்ன விலையில் இன்னொரு பெடலே வாங்கிவிடலாம். அடுத்த கடையில் சுவரில் புதைக்கிற ஸ்விட்ச்போர்டு இரும்புப் பெட்டி. மலிவு. கட்டைவிரலால் அழுத்தினேன், தகரம் உள்ளே போய் வந்தது. ஷூ காலோடு மிதிக்கிற சாமானுக்கு இது ஆகாது.

அப்புறம்தான் எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் ஒரு அலுமினியக் கடை கண்ணில் பட்டது. ஜன்னல், பார்ட்டிஷன் வேலைக்கு விற்கிற நீள்சதுரக் குழாய். நாலுக்கு ரெண்டு இஞ்ச், சுவர் இரண்டு மில்லி கனம். எடை போட்டுத் தருகிறார்கள். 36 சென்டிமீட்டர் வெட்டச் சொன்னேன், அரைக் கிலோவுக்குச் சற்று மேலே வந்தது, 220 ரூபாய். ஏதோ பெரிதாகச் சாதித்த நினைப்போடு, துளை போட ஒரு பட்டறைக்குள் நுழைந்தேன்.

பட்டறைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கம். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்விட்ச் உள்ளே இருந்துதானே வரணும் தம்பி?"

"ஆமாண்ணே."

"நடுவுல கை எப்படிப் போகும்?"

பதில் இல்லை. இரண்டு முனையில் மட்டும் திறந்த குழாய், நடுவில் சால்டரிங் அயர்னை எப்படி நுழைப்பது? வீட்டில் தாளில் வரைந்தபோது இது தோன்றவே இல்லை.

அவரே வழி சொன்னார். அடிப்பக்கத்தை நீளவாக்கில் அறுத்தெடுத்தார், இரு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் விளிம்பு விட்டு. அந்த விளிம்பில் ஒரு தகடு திருகினால் மூடி ஆச்சு. மூடாமல் விட்டால் கரண்டு இரைச்சல் உள்ளே புகும், அதனால் தகடு அவசியம்.

துளை போடுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். துளை இடம் குறித்து நான் ஒட்டிக்கொண்டு போன தாளின் மேலேயே பஞ்ச் வைத்து ஒரு தட்டு, மூன்று மில்லி பிட்டில் முதல் ஓட்டை, பிறகு படிப்படியாகப் பெருக்கிற ஸ்டெப் பிட். ஸ்விட்சுக்கு 12 மில்லி, ஜாக்குக்கு 10. அலுமினியம் பிட்டில் அப்பிக்கொள்ளும் என்று நடுநடுவே ஒரு சொட்டு மண்ணெண்ணெய். சுருள் சுருளாக வெள்ளிநூல் மாதிரி வந்து விழுந்தது. வைஸில் இறுக்காமல் கையில் பிடித்தால் பிட் மாட்டி, குழாய் சுழன்று விரலை அடிக்குமாம். அவர் காட்டிய தழும்பைப் பார்த்தபின் சந்தேகம் வரவில்லை.

எல்லா ஓட்டைக்கும் அறுத்ததற்கும் சேர்த்து 300 ரூபாய், நடுவில் ஒரு டீ. பிசிறை அரத்தால் நானே ராவிக்கொண்டேன். ஸ்விட்சுகளுக்கு நடுவே எட்டு சென்டிமீட்டர் விட்டது சரியாக அமைந்தது, என் அகலக்கால் ஷூகூட ஒன்றைத்தான் மிதிக்கிறது. நான்காவது எல்இடி மட்டும் இரண்டு மில்லி விலகி நிற்கிறது. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, தாளை ஒட்டியபோது நான்தான் கோணலாக ஒட்டியிருந்தேன்.