ஸ்னாப்ஷாட்டில் அடங்காதவை

சென்ற மாதம் ஓர் இரவு, வரவுசெலவுக் கணக்குச் செயலி ஓடும் கன்டெய்னரை (சர்வருக்குள் தனியாகப் பிரிந்து இயங்கும் சூழலை) புதிய பதிப்புக்கு உயர்த்தும் முன் வழக்கம்போல் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை அப்படியே பதிந்துவைப்பது) எடுத்துக்கொண்டேன். உயர்த்தும் வேலை பாதியில் முறிந்தது. பதறாமல் ஒரே கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பினேன். மூன்று நொடிகூட ஆகவில்லை. ஆனால் செயலி எழவில்லை. தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைகள் தனக்குத் தெரிந்த பதிப்பைவிடப் புதியவை என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு, தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோனது. செயலி நேற்றைக்குத் திரும்பியிருந்தது, தரவுத்தளம் இன்றைக்கே இருந்தது.

கன்டெய்னர்களை உருவாக்கி நிர்வகிக்க நான் பயன்படுத்துவது இன்கஸ் என்ற மென்பொருள். 2014இல் கனோனிக்கல் நிறுவனம் அறிவித்த எல்எக்ஸ்டி என்ற இதேபோன்ற மென்பொருள், லினக்ஸ் கன்டெய்னர்ஸ் திட்டத்தின் குடையின் கீழ் வளர்ந்தது. 2023 ஜூலையில் அதை நிறுவனம் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டபின், அடுத்த மாதமே அதிலிருந்து கிளைத்தது இன்கஸ். எல்எக்ஸ்டியில் பழகியவர்களுக்கு இன்கஸின் கட்டளைகள் பெரும்பாலும் புரிந்துவிடும். டாக்கர் என்ற வேறொரு கன்டெய்னர் மென்பொருளில் ஒரு கன்டெய்னருக்குள் பொதுவாக ஒரே நிரல் ஓடும். இங்கே சிஸ்டம் கன்டெய்னர் என்பது சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நடத்த), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழைய), கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்ட) எல்லாம் தனக்கெனக் கொண்ட ஒரு முழு லினக்ஸ், கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) மட்டும் ஹோஸ்டுடையது, அதாவது கன்டெய்னர்களைத் தாங்கும் கணினியுடையது. அதனால்தான் அதை அவ்வப்போது தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைவிட, ஸ்னாப்ஷாட் எடுத்தும் நகலெடுத்தும் வைத்துக்கொள்வதே நமக்கு வசதியாக இருக்கிறது. (இனி வரும் கட்டளைகளை ஒலிக்கிறபடியே எழுதுகிறேன், டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளையே தட்டச்சு செய்ய வேண்டும்.)

ஸ்னாப்ஷாட் எடுப்பதற்கு ‘இன்கஸ் ஸ்னாப்ஷாட் கிரியேட்’ என்று எழுதி, கன்டெய்னரின் பெயரையும் ஸ்னாப்ஷாட்டுக்கு நாம் வைக்கும் பெயரையும் கொடுத்தால் போதும். பெயர் வைக்காவிட்டால் ஸ்னாப்0, ஸ்னாப்1 என்று அதுவே எண்ணிக்கொண்டு போகும். ஆறு மாதம் கழித்து ஸ்னாப்4 எதற்காக எடுத்தது என்று யோசித்துத் தலையைச் சொறிந்தவர்கள் பிறகு பெயர் வைக்க மறப்பதில்லை. கட்டளை எவ்வளவு விரைவாக முடியும் என்பது கன்டெய்னரின் அளவைவிட, அது எந்தச் சேமிப்பு முறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பமைப்புகளில் எதுவும் பிரதி எடுக்கப்படுவதில்லை. இந்த நொடியில் உள்ள தொகுதிகளை இனி மேலெழுதக் கூடாது என்று குறித்துவைப்பதோடு வேலை முடிந்துவிடும், பிறகு மாறுகிறவை மட்டுமே இடம் பிடிக்கும். ‘டிர்’ என்ற சாதாரண அடைவு முறையிலோ ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாக எடுக்கப்படும் முழுப் பிரதி. 40 ஜிபி கன்டெய்னர் என்றால் இன்னொரு 40 ஜிபி வேண்டும், அதற்கான நேரமும் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர் அந்நேரத்தில் உறையவும் வைக்கப்படும்.

அன்றிரவு நடந்ததற்குக் காரணம் இவை எதுவும் அல்ல. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் தரவு அடைவை நான் தனி வால்யூம் (சேமிப்புப் பகுதி) ஒன்றில் வைத்து, அதைக் கன்டெய்னரோடு ஒரு சாதனமாக இணைத்திருந்தேன். ஸ்னாப்ஷாட்டுக்குள் போவது கன்டெய்னரின் மூலக் கோப்பமைப்பும் அதன் அமைவுகளும் மட்டுமே. வெளியிலிருந்து இணைத்த வால்யூமைப் பொறுத்தவரை, ‘இந்த வால்யூம் இங்கே இணைந்திருக்கிறது’ என்ற குறிப்பு உள்ளே இருக்கும், வால்யூமில் உள்ளவை இருப்பதில்லை. அதை நான் அறியாதவன் அல்லன். ஆவணத்தில் படித்திருக்கிறேன், இன்னொருவருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். வால்யூமைப் பிரித்து வைத்து இரண்டு ஆண்டுகள் ஆனதில், பிரித்தது நான்தான் என்பதே மறந்துபோயிருந்தது.

வால்யூமுக்குத் தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும்: ‘இன்கஸ் ஸ்டோரேஜ் வால்யூம் ஸ்னாப்ஷாட் கிரியேட்’, அதன்பின் பூலின் (கன்டெய்னர்களும் வால்யூம்களும் சேமிக்கப்படும் இடத்தின்) பெயர், வால்யூமின் பெயர், ஸ்னாப்ஷாட்டின் பெயர். கன்டெய்னருக்கும் வால்யூமுக்கும் அடுத்தடுத்து எடுத்தாலும் இடையில் சில நொடிகள் இருக்கும் என்பதால், இரண்டும் ஒத்துப்போக வேண்டுமென்றால் கன்டெய்னரை நிறுத்திவிட்டு எடுப்பதே சரி. தரவு முழுவதும் ஒரே வால்யூமில் இருக்கும்போது, ஓடும் நிலையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் போஸ்ட்கிரெஸ் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தன் லாக்கை மறுபடி ஓட்டி மீண்டுவிடும். மின்சாரம் போய்த் திரும்பியதைப் போன்ற நிலைதான் அதற்கு அது. வால்யூமைப் பழைய நிலைக்குத் திருப்பும்போது மட்டும், அதைப் பயன்படுத்தும் கன்டெய்னர் ஓடிக்கொண்டிருந்தால் இன்கஸ் மறுத்துவிடும். அந்த மறுப்பு நல்லதற்கே.

இசட்எஃப்எஸ் பயன்படுத்துகிறவர்களை வேறொரு மறுப்பும் வழிமறிக்கும். திங்கள், செவ்வாய், புதன் என மூன்று ஸ்னாப்ஷாட் இருக்கும்போது திங்களுக்குத் திரும்ப நினைத்தால், பிந்தையவை இருப்பதால் முடியாது என்று சொல்லும். ‘இசட்எஃப்எஸ்.ரிமூவ்_ஸ்னாப்ஷாட்ஸ்’ என்ற அமைவை இயக்கினால் வழிவிடும், ஆனால் செவ்வாயும் புதனும் அழிந்துபோகும். இதனால் நான் இப்போது ரீஸ்டோர் கட்டளையை அரிதாகவே தொடுகிறேன். அதற்குப் பதில் ‘இன்கஸ் காப்பி’ என்று எழுதி, கன்டெய்னரின் பெயர், ஒரு சாய்கோடு, ஸ்னாப்ஷாட்டின் பெயர், கடைசியாக ஒரு புதுப்பெயர் என்று கொடுத்தால், திங்கட்கிழமையின் கன்டெய்னர் தனியாக ஒன்று உருவாகிவிடும். அதைத் திறந்து பார்த்து, வேண்டிய கோப்பை எடுத்துக்கொண்டு, பிறகு அழித்துவிடலாம். இசட்எஃப்எஸ்ஸில் இந்த நகல் அந்த ஸ்னாப்ஷாட்டின் மேல் நிற்கும் குளோன் என்பதால் உடனே கிடைக்கிறது. அதே காரணத்தால், நகல் இருக்கும்வரை மூல ஸ்னாப்ஷாட்டை அழித்தாலும் இடம் திரும்பக் கிடைக்காது. இன்கஸ் அதைக் கண்ணில் படாத ஓரிடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளும்.

நகலைத் தொடங்குவதற்கு முன் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். நகலெடுக்கும்போது சாதன அமைவுகளும் கூடவே வருகின்றன. அதாவது மேலே சொன்ன தரவு வால்யூம் இப்போது இரண்டு கன்டெய்னர்களிலும் இணைந்திருக்கிறது. நகலைத் தொடங்கினால் ஒரே தரவு அடைவின் மேல் இரண்டு போஸ்ட்கிரெஸ்கள் எழும். அடைவில் உள்ள பூட்டுக் கோப்பு தடுக்காதா என்று கேட்கலாம். அந்தக் கோப்பில் எழுதியிருக்கும் பிராசஸ் எண் முதல் கன்டெய்னரின் எண். இரண்டாவது கன்டெய்னருக்குத் தனி எண்வரிசை, அங்கே அந்த எண்ணில் யாரும் இல்லை, பகிர்ந்த நினைவகமும் அங்கிருந்து தெரியாது. ஆகவே அது பழைய பூட்டு என்று முடிவுகட்டி உள்ளே நுழைந்துவிடும், தரவு சிதைந்துபோகும். ‘இன்கஸ் கான்ஃபிக் டிவைஸ் ரிமூவ்’ கட்டளையால் நகலிலிருந்து வால்யூமைக் கழற்றிய பிறகே நான் அதைத் தொடங்குகிறேன். ஹோஸ்டின் போர்ட் ஒன்றைத் திறந்து வைத்திருக்கும் பிராக்சி சாதனம் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும், ஆனால் அதை மறந்தாலும் போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே பிழை வரும் என்பதால் ஆபத்து குறைவு.

பிணைய இடைமுகத்தின் அடையாளமான மேக் முகவரியை நகலுக்கு இன்கஸ் புதிதாகக் கொடுத்துவிடும். கன்டெய்னருக்குள் கையால் எழுதிவைத்த நிலையான ஐபி மாறாது. ஈடிசி அடைவில் உள்ள, அந்த லினக்ஸின் தனி அடையாள எண்ணைக் கொண்ட மெஷின்-ஐடி கோப்பு மாறாமல் வந்திருந்தால் குழப்பம் இன்னும் நுட்பமானது: பிணைய இணைப்பைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன்னை, ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வருக்கு அடையாளம் காட்டும்போது மேக் முகவரியை அல்ல, அந்த ஐடியிலிருந்து பெறும் அடையாளத்தையே வழக்கமாகக் கொடுக்கும் என்பதால், மேக் வேறாக இருந்தும் இரண்டு கன்டெய்னர்களுக்கும் ஒரே ஐபி வரக்கூடும். ஒரு பிற்பகல் முழுவதும் எனக்கு இதில் போயிருக்கிறது. எஸ்எஸ்எச் செய்தால் ஒரு முறை மூலக் கன்டெய்னர் திறந்தது, அடுத்த முறை நகல் திறந்தது. அந்தக் கோப்பைக் காலியாக்கி மறுதொடக்கம் செய்தால் புதிய ஐடி உருவாகும்.

வேறொரு சர்வருக்கு நகலெடுப்பதும் இதே கட்டளைதான். புதுப்பெயருக்கு முன் அந்த ரிமோட்டின் (இன்கஸில் பதிந்துவைத்த வேறு சர்வரின்) பெயரையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னரை அப்படி அனுப்பினால், சிஆர்ஐயூ (ஓடும் நிரல்களின் நிலையைச் சேமித்து மீட்கும் கருவி) இல்லை என்று ஒரு பிழை வரும். நினைவகத்தையும் சேர்த்து நகர்த்தப் பார்ப்பதால் வருவது அது. ‘ஸ்டேட்லெஸ்’ என்ற தெரிவைச் சேர்த்தால் வட்டில் உள்ளது மட்டும் போகும். ஸ்னாப்ஷாட்டுகளும் கூடவே போகும், வேண்டாமென்றால் ‘இன்ஸ்டன்ஸ்-ஒன்லி’. ஒருமுறை அனுப்பிய பின் ‘ரெஃப்ரெஷ்’ தெரிவோடு மறுபடி ஓட்டினால் மாறியவை மட்டும் போகும் என்பதால், இதையே நான் இரவுதோறும் கிரானில் வைத்திருக்கிறேன். ஸ்னாப்ஷாட்டுகள் அனைத்தும் கன்டெய்னர் இருக்கும் அதே பூலில்தான் இருக்கின்றன, வட்டு போனால் அவையும் சேர்ந்தே போகும். பூல் என்று நான் சொல்வது, தொடக்க அமைப்பில் எல்லாவற்றுக்கும் என்டர் தட்டியிருந்தால், காலி இடத்தில் 20 விழுக்காடாக, 5 ஜிபிக்குக் குறையாமலும் 30 ஜிபிக்கு மிகாமலும் உருவான ஒரே ஒரு கோப்பாகவும் இருக்கலாம். அது எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்பது, தானாக ஸ்னாப்ஷாட் எடுக்கவைக்கும் போதுதான் தெரியும்.

அதற்கான அமைவுகள் எளியவை: ‘ஸ்னாப்ஷாட்ஸ்.ஷெட்யூல்’ எப்போது எடுப்பது, ‘ஸ்னாப்ஷாட்ஸ்.எக்ஸ்பைரி’ எத்தனை நாள் வைத்திருப்பது. நான் பயன்படுத்தும் 6.0 பதிப்பில் இந்தக் காலாவதி, கையால் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொருந்துகிறது. ஏழு நாள் என்று வைத்துவிட்டு, உயர்த்துவதற்கு முன் ஆசையாகப் பெயரிட்டு எடுத்த ஒன்றை எட்டாம் நாள் தேடினால் கிடைக்காது. எடுக்கும்போதே ‘நோ-எக்ஸ்பைரி’ சேர்க்க வேண்டும்.

அன்றிரவுக் கதையை நடுவில் விட்டுவிட்டேன். வால்யூமுக்கு ஸ்னாப்ஷாட் எதுவும் இல்லை. ஆனால் முந்தைய நாள் எடுத்த தரவுத்தள டம்ப் (தரவு முழுவதையும் ஏற்றுமதி செய்த கோப்பு) ஒன்று வேறொரு சர்வரில் இருந்தது. அதை ஏற்றி, அன்று பகலில் பதிந்த 14 ரசீதுகளை மறுநாள் காலை கையால் மறுபடி பதிந்தேன்.