சுவரை எடுப்பதற்கு முன் பேஸ்மென்றைப் பார்க்க வேண்டும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட, பங்களா எனப்படும் ஒற்றைத்தள வீடுகளை வாங்கும் நம்மவர்கள் பலரும் முதலில் செய்ய விரும்புவது, சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையில் நிற்கும் சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவதுதான். நாங்களும் அதைச் செய்வித்தோம். கூடவே குளியலறையையும் இடம் மாற்றினோம். வீட்டின் மரச்சட்டகம் எப்படி நிற்கிறது என்பது ஓரளவுக்காவது விளங்காமல் தச்சு வேலைக்குச் சரியான கொன்ட்ராக்டரைத் தெரிவுசெய்ய முடியாது என்பது என் எண்ணம். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, தட்டினால் வெறுமையாக ஒலிக்கும் சுவரில் நம்பிக்கை வருவது கடினம். ஊரிலிருந்து வந்திருந்த மாமா, "இதென்ன, வீடோ பெட்டியோ?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியும் ட்றைவோல் என்னும் ஜிப்சம் பலகை பாரம் தாங்குவதற்காக வைக்கப்பட்டதல்ல. அதற்குள் நிற்கும் ஸ்டட் எனப்படும் நிலைமரங்களே தாங்குகின்றன. கடையில் இரண்டுக்கு நான்கு என்று விற்கப்படும் மரம், உலர்த்தி இழைத்த பின் 1.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலமாகவே இருக்கும். அவை பெரும்பாலும் நடுவுக்கு நடு 16 அங்குல இடைவெளியில் நிறுத்தப்படுகின்றன. 48 அங்குல அகலமான பிளைவூட்டோ ட்றைவோலோ அறையும்போது, அதன் இரு ஓரங்களும் ஒவ்வொரு மரத்தின் நடுவில் வந்து அமர்வதற்கு அந்த அளவு வசதியானது. கீழே ஒரு படுக்கை மரமும் மேலே இரட்டைப் படுக்கை மரமும் ஸ்டட்களைப் பிணைக்க, தளத்தைத் தாங்கும் ஜொயிஸ்ட் எனப்படும் குறுக்கு மரங்கள் அவற்றின் மேல் குறுக்காகக் கிடக்கின்றன.

எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்தச் சுவரில் இராது, அதற்கு மேலும் கீழும் இருக்கும். பேஸ்மென்ற் எனப்படும் நிலவறையின் நடுவே நீளவாக்கில் ஓர் இரும்பு உத்தரம் ஓடி, அதற்கு நேர் மேலே தரைத்தளத்தில் ஒரு சுவர் நின்று, ஜொயிஸ்ட்கள் அதற்குக் குறுக்கே வந்து அதன் மீது முடிந்தால், அது பாரச்சுவர் என்றே கொள்ள வேண்டும். கூரை தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த ட்ரஸ் எனப்படும் முக்கோணச் சட்டங்களால் ஆனதாயின் அதன் பாரம் பெரும்பாலும் வெளிச்சுவர்களுக்கே போய்விடும். தனித்தனி மரங்களை அடித்துக் கட்டிய பழைய கூரையாயின், கூரைப் பாரத்தின் ஒரு பகுதி நடுச்சுவரில் வந்து இறங்கும்.

அப்படிப்பட்ட சுவரை எடுத்தால் அதன் இடத்தில் ஓர் உத்தரம் வர வேண்டும். உத்தரத்தைச் சுவரில் ஏற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணுவதுதான் நான் அதிகம் கண்ட குறைபாடு. முன்பு சுவர் நெடுகப் பரவியிருந்த பாரம் இப்போது உத்தரத்தின் இரு முனைகளிலும் குவிகிறது. அந்த முனைகளைத் தாங்கும் தூண், தளப்பலகையின் மேல் நின்றால் மட்டும் போதாது. பலகைக்குக் கீழே ஜொயிஸ்ட்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும், அதற்குக் கீழே பேஸ்மென்றிலும் தாங்க ஏதாவது இருக்க வேண்டும். பேஸ்மென்றின் மெல்லிய கொங்கிறீற் தரை அத்தகைய பாரத்துக்காக ஊற்றப்பட்டதல்ல. ஆகையால் பல வீடுகளில் தரையை வெட்டித் தனி அத்திவாரம் போட வேண்டியிருக்கும். செலவில் கணிசமான பங்கு இங்கேதான் போகிறது. விலைமதிப்பில் இது இல்லாவிட்டால் மலிவாகத்தான் தெரியும்.

ஆகவே வந்து பார்த்த ஒவ்வொருவரிடமும், "இந்தச் சுவரின் பாரம் எங்கே போகும்?" என்ற கேள்வியை முன்வைத்தோம். ஒருவர், இப்படி எத்தனையோ வீடு செய்துவிட்டோம், பயப்பட வேண்டாம் என்றார். பெர்மிற் எனப்படும் கட்டட அனுமதியை எடுப்பது காசையும் நாளையும் வீணாக்கும் என்றும் சொன்னார். நாங்கள் அமர்த்தியவரோ பதில் சொல்வதற்கு முன் பேஸ்மென்றுக்கு இறங்கி, பிறகு கூரைக்குக் கீழுள்ள அட்டிக் வெளியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்ராறியோ மாகாணத்தில் மின்வேலைக்கும் நீர்க்குழாய் வேலைக்கும் கட்டாயத் தகுதிச் சான்று உண்டு. தச்சுத் தொழிலுக்கு அது கட்டாயமில்லை என்பதால், யாரும் தன்னைத் தச்சர் என்று சொல்லிக்கொள்ளலாம். ரொறன்ரோ மாநகரசபை, வீடு திருத்துவோரிடம் தனியாக ஓர் உரிமம் கேட்கிறது. அதோடு பொறுப்புக் காப்புறுதியையும், வேலையாட்களுக்கான டபிள்யூஎஸ்ஐபி என்னும் மாகாண விபத்துக் காப்புறுதிச் சபையின் சான்றையும் கேட்டு வாங்கினோம். நேர்மையானவர் இவற்றைக் கேட்டால் முகம் சுளிப்பதில்லை.

பாரச்சுவரை எடுக்கக் கட்டட அனுமதி வேண்டும். அனுமதி எடுக்காமல் விட்டால் கொன்ட்ராக்டர் மட்டுமல்ல, வீட்டுக்காரரும் அகப்படுவார். ஒப்பந்தத்தில் உத்தரத்தின் அளவு, வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியியலாளரின் கட்டணம் யாருடையது, அத்திவார வேலை உள்ளடங்கியதா என்பன எழுதப்பட வேண்டும். இங்குள்ள நுகர்வோர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடாக எழுதிய தொகையை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டி அறவிட முடியாது. கூடுதல் வேலை சேர்ந்தால் அதற்குப் புதிதாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். உத்தரம் அறையின் உட்கூரைமட்டத்துக்குக் கீழே தெரியும்படி தொங்குமா, ஜொயிஸ்ட்களுக்குள் மறையுமா என்பதையும் முன்பே தீர்மானிக்க வேண்டும். மறைப்பதானால் ஜொயிஸ்ட்களை வெட்டி, உலோகத் தாங்கிகளில் தொங்கவிட வேண்டியிருப்பதால் விலை ஏறும்.

வேலை தொடங்கியதும் சுவரின் இரு பக்கமும் தற்காலிக முட்டுச் சுவர்கள் எழுந்தன. தச்சர் நன்றாகவே செய்தார். ஆபத்து வந்தது குளியலறைப் பக்கத்திலிருந்து. கழிப்பறையின் 3 அங்குலக் குழாயைக் கொண்டுபோக, குழாய் வேலைக்கு வந்தவர் ஒரு ஜொயிஸ்டின் அடிப்பகுதியில் பென்சிலால் கோடு போட்டு, வாளையும் கையில் எடுத்துவிட்டார். தச்சர் ஓடிவந்து தடுத்தார். ஒன்ராறியோ கட்டட விதிப்படி ஜொயிஸ்டில் துளையிடலாம், ஆனால் துளை அதன் உயரத்தின் கால் பங்குக்கு மேற்படக் கூடாது; மேல், கீழ் ஓரங்களிலிருந்து குறைந்தது 50 மில்லிமீற்றர் தள்ளியிருக்க வேண்டும். இரண்டுக்குப் பத்து என்னும் மரத்தின் உண்மையான உயரம் 9.25 அங்குலம், கால் பங்கு ஏறத்தாழ 2.3 அங்குலம். 3 அங்குலக் குழாய் அதனூடாகப் போகவே முடியாது. அடியோரத்தை வெட்டுவதற்கோ அனுமதியே இல்லை. கழிப்பறையை ஓர் அடி நகர்த்தி, குழாயை ஜொயிஸ்ட்களுக்கு இணையாக ஓடவிட்டதும் சிக்கல் தீர்ந்தது.

சட்டகப் பரிசோதனைக்கு வந்த மாநகரசபை அலுவலர், உத்தரத்தைவிட உலோகத் தாங்கிகளைத்தான் கூர்ந்து பார்த்தார். துளைகளில் உரிய ஆணிகள் இருக்கின்றனவா, ட்றைவோல் திருகாணிகளால் ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக நோக்கினார். அவர் ஒப்புதல் தரும்வரை சுவரை மூடக்கூடாது. மூடிவிட்டால் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. இதற்காகவே பெரிய தவணைப் பணத்தை அந்தப் பரிசோதனையோடு இணைத்து எழுதியிருந்தோம். மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து வைத்தோம். சமையலறை அலுமாரிகளை மாட்ட வந்தவர் ஸ்டட்களைத் தேடிச் சுவரில் தட்டிக்கொண்டிருக்க நேரவில்லை.

இன்னொன்று, கொன்ட்ராக்டரிடமே சொல்லிவிட்டுச் செய்தது. மரக்கடைக்கோ துணை வேலையாட்களுக்கோ அவர் பணம் கொடுக்கத் தவறினால், அவர்கள் நம் வீட்டின் மீதே உரிமைக்கோரிக்கை பதியலாம். அதனால் ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டம், ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தைப் பிடித்துவைக்கச் சொல்கிறது. வேலை முடிந்து 60 நாட்கள் கழிந்ததும், வீட்டுப் பதிவில் எதுவும் ஏறவில்லை என்று வழக்கறிஞர் பார்த்துச் சொன்ன பிறகு, அந்தத் தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்தோம்.