வைக்கோலில் எவ்வளவு புரதம்?

ஜூன் 3
விடியும் முன்பே கொட்டகை. வைக்கோல் எவ்வளவு செரிக்கிறது என்று சிரிஞ்சில் நொதிக்கவைத்துப் பார்க்கும் சோதனை. காலைத் தீவனம் வைப்பதற்குள், சாறு எடுப்பதற்காகவே விலாவில் துளையிட்டு மூடி பொருத்திய பசுவின் முதல் இரைப்பையிலிருந்து சாறு எடுத்தாக வேண்டும். சூடேற்றிய பிளாஸ்கில் பிடித்து, மஸ்லின் துணியில் வடிகட்டி, கார்பன் டை ஆக்சைடு ஓட விட்டுக்கொண்டே கலந்தோம். காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் தாங்காது. ஆக்சிஜன் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் ரெசசுரின் சேர்த்த கரைசல் நீலம் மாறி இளஞ்சிவப்பாகி, கடைசியில் நிறமற்றுப் போனதும் சாற்றை ஊற்றினோம். வைக்கோல் மாதிரியும் சாறும் கொண்ட சிரிஞ்சுகள் 39 டிகிரியில் இருக்கின்றன; வாயு அதிகம் வந்தால் செரிமானம் அதிகம். கைநாற்றம் எந்த சோப்புக்கும் அசைவதில்லை.

ஜூன் 4
யூரியாக் கரைசல் தெளித்து, காற்றுப் புகாமல் மூட்டம் போட்ட வைக்கோல், தெளிக்காததைவிட அதிக வாயு விட்டிருக்கிறது. யூரியாவிலிருந்து பிரியும் அம்மோனியா, செரிக்காத மரப்பொருளான லிக்னினுக்கும் செரிக்கக்கூடிய நார்ப்பொருளான ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலுள்ள பிணைப்புகளை அறுக்கிறது; நுண்ணுயிர்களுக்கு வழி கிடைக்கிறது. இந்த வேலையின் உண்மையான லாபம் இதுதான்.

ஜூன் 9
ஆய்வு மாணவி துள்ளிக்கொண்டு வந்தாள். “யூரியா போட்ட வைக்கோலில் கச்சாப் புரதம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது சார்!” ஆகாமல் என்ன செய்யும்? 1883இல் டென்மார்க் வேதியியலாளர் கெல்டால் தந்த முறை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. அதை 6.25ஆல் பெருக்கிக் கச்சாப் புரதம் என்று எழுதுவது நாம்; தெளித்த யூரியாவின் நைட்ரஜனும் அதில் சேர்ந்துவிடும். 2008இல் சீனாவில், புரதமே அல்லாத, நைட்ரஜன் மிகுந்த மெலமைனைப் பாலில் கலந்தவர்கள் நம்பியதும் இந்தப் பெருக்கலைத்தான்.

அவள் சளைக்கவில்லை. “நுண்ணுயிர்கள் அம்மோனியாவைப் புரதமாக்கிக்கொள்ளுமே? யூரியாவையும் அம்மோனியம் உப்புகளையும் மட்டுமே நைட்ரஜனாகக் கொடுத்து பின்லாந்து வேதியியலாளர் விர்டானென் பசுக்களிடம் பால் கறந்தாரே?” நல்ல கேள்வி. கறந்தார்தான். ஆனால் அந்தப் பசுக்களுக்கு மாவுச்சத்தும் சர்க்கரையும் கிடைத்தன. வைக்கோல் மெல்லத்தான் நொதிக்கும். அம்மோனியாவோ உடனே வந்து குவியும். பயன்படாதது இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் மீண்டும் யூரியாவாகி, பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

ஜூன் 11
ஒரே வைக்கோல், இரண்டு மாணவர்கள், இரண்டு விடைகள். ஒருவர் மாதிரியை அடுப்பில் உலர்த்திவிட்டுச் சோதித்திருக்கிறார். அம்மோனியா அங்கேயே பறந்துவிட்டது. ஈரமாகவே சோதிக்கச் சொன்னேன். உலர்த்தினால் ஓடிப்போகும் ‘புரதம்’! ஆய்வு மாணவிக்கு இதைவிடச் சிறந்த பதிலை நான் சொல்லியிருக்க முடியாது.

ஜூன் 17
பதவி உயர்வு விண்ணப்பம். கட்டுரைகள் எத்தனை, மேற்கோள்கள் எத்தனை? மாடு தின்றதா என்று ஒரு கட்டமும் கேட்கவில்லை. நிரப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 20
தீவனச் சோதனை தொடக்கம். மூட்டத்தைப் பிரித்ததும் கண்ணெரிச்சல். நெடி அடங்கும்வரை ஆற வைத்துத்தான் தொட்டியில் போட்டோம். கன்றுகள் முகர்ந்துவிட்டுத் தள்ளி நின்றன; ஒன்று மட்டும் வாய் வைத்தது. வைக்கோலில் செரிமானம் உயர்ந்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகும், உட்கொள்ளும் அளவும் கூடும். அது நடக்கிறதா என்பதை மிச்சத் தீவனத்தின் எடைதான் சொல்லும்.

ஜூன் 22
கட்டுரைச் சுருக்கத்திலிருந்து ‘இரு மடங்கு புரதம்’ என்ற வரியை அடித்தேன். அட்டவணைத் தலைப்பு இனி ‘நைட்ரஜன் × 6.25’. மாணவிக்கு வருத்தம்தான், அந்த வரிக்காகவே பத்திரிகை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பியிருந்தாள். செரிமான அட்டவணையை முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.