ஒரே கொம்பியூட்டரில் மச்சாளும் நானும்

மல்லாவியில் எங்கள் உரக்கடையில் இருப்பது ஒரேயொரு கொம்பியூட்டர். பகல் முழுக்க மச்சாள் அதில் பில் போடுவார், கணக்கு எழுதுவது நான், கிளிநொச்சியில் வீட்டிலிருந்து. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒன்றரை மாதம் போனது.

முதலில் எனிடெஸ்க், தூரத்திலிருந்து இன்னொரு கொம்பியூட்டரை இயக்குகிற புரோகிராம். அது இருக்கிற திரையைத்தான் காட்டும், நான் மவுசை அசைத்தால் கடையிலும் அசையும். ஆட்கள் யூரியாவுக்குக் காசோடு நிற்க, மச்சாள் போன் எடுத்து "கொஞ்சம் கையை எடுங்கோ" என்பார்.

விண்டோஸ் ப்ரோ போட்டால் சரிவரும் என்றார் கொம்பியூட்டர் திருத்துகிற ஒருவர். காசு கட்டிப் போட்டோம். நான் உள்ளே போனதும் கடைத் திரை பூட்டிக்கொண்டது! ப்ரோவிலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம், ஹோம் பதிப்பிலோ வெளியிலிருந்து வரவே விடாது. இதைக் காசு வாங்க முதல் அவர் சொல்லியிருக்கலாம், நினைக்க இன்னும் வயிறு எரிகிறது. அப்புறம் அவரே ஒரு பேட்ச், அதாவது அந்தத் தடையை மீறி இருவரை உள்ளே விடுகிற சின்ன புரோகிராம், போட்டுத் தந்தார். ஆறு நாள் ஓடியது, ஏழாம் நாள் அப்டேட் வந்து எல்லாம் நின்றது. அந்தப் பேட்ச் விண்டோஸின் ஒரு கோப்பு மாறாமல் இருக்கும் வரைதான் வேலை செய்யும், லைசென்ஸுக்கும் விரோதம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அது நின்றதைப் பார்க்க நான் மாங்குளத்தில் பஸ் மாறி மல்லாவி போய், கரண்ட் இல்லாமல் பின்னேரம் வரை குந்தியிருந்து வெறுங்கையோடு திரும்பினேன்.

எங்கள் பில் எல்லாம் லினக்ஸிலும் ஓடுகிற லிப்ரேஒபிஸில்தான் என்பதால் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறத் துணிந்தோம். உபுண்டு என்ற லினக்ஸ், எக்ஸ்எப்சிஇ என்ற இலேசான திரை அமைப்பு, வெளியிலிருந்து வருகிறவருக்குத் தனித் திரை தருகிற எக்ஸ்ஆர்டிபி, மூன்றும் ஒரு காலையில் முடிந்தது. ஆனால் நான் நுழைந்தால் கறுப்புத் திரை. இரண்டு இரவு நித்திரை இல்லை. கடைசியில் பார்த்தால், மச்சாள் கடையில் திறந்து வைத்திருக்கிற அதே பயனர் பெயரில் நானும் நுழைந்ததுதான் காரணம். எனக்கென்று தனிப் பயனர் உருவாக்கினேன், உடனே திரை வந்தது. அந்த நேரம் இரவு ஒரு மணி, எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆளில்லை!

இன்னும் மூன்று விசயம். எங்களுடையது 4ஜி ரவுட்டர், அதற்குப் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்திலிருந்து நேரே தேடி வரக்கூடிய முகவரி, கிடைக்கவில்லை, ரவுட்டரில் போர்ட் என்கிற வாசலைத் திறந்தும் பலனில்லை, இரண்டு கொம்பியூட்டரையும் தனி வலையமைப்பாக இணைக்கிற டெயில்ஸ்கேல் போட்ட பிறகுதான் வழி கிடைத்தது. உங்களுக்குப் பொது ஐபி இருந்தாலும் இப்படி வெளியிலிருந்து நுழையப் பயன்படுகிற 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள், கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கிற புரோகிராம்கள் அதைத் தேடிக்கொண்டேயிருக்கும். கொம்பியூட்டர் தானாக உறங்குகிற செற்றிங்கை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதை எழுப்ப யாராவது கடைக்குப் போக வேண்டும். ஒரே கோப்பை இருவரும் திறந்தால் இரண்டாமவருக்கு வாசிக்க மட்டுமே கிடைக்கும், அதனால் நாள் பில்லையும் பேரேட்டையும் வேறு வேறு கோப்பாகப் பிரித்தோம்.

நேற்று மாதக் கணக்கை முடித்துவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அவர் பில் போட்டுக்கொண்டே, "எப்ப உள்ள வாறீங்கள்?" என்று கேட்டார்.